அவசரத்துக்குப் பறக்க வேண்டியிருந்தால்: கொழும்பிலிருந்து கடைசி நேர விமான டிக்கெட் எடுக்க முழுமையான வழிகாட்டி

சென்னையில் சிகிச்சைக்குப் போன அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். ரொறன்ரோவில் அக்காவுக்கு விபத்து. லண்டனில் சித்தப்பா காலமாகிவிட்டார். இப்படியொரு செய்தி வந்த கையோடு வீட்டில் யாராவது ஒருவர் கைபேசியை எடுத்து டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கிவிடுகிறார். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. பணம் கட்டிய பிறகு கடவுச்சீட்டு நான்கு மாதத்தில் முடிகிறது என்று தெரியவரும். இல்லாவிட்டால் இடையில் மாறும் விமான நிலையத்துக்குத் தனி விசா வேண்டும் என்று கட்டுநாயக்கவில் சொல்வார்கள்.

உறவினருக்கும் அயலவருக்கும் இப்படி டிக்கெட் எடுத்துக் கொடுத்துப் பழகியதில், எந்த வேலை எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதுதான் முக்கியம் என்று கண்டிருக்கிறேன். டிக்கெட் வாங்குவது இந்த ஒழுங்கில் பின்னால்தான் வரும். ஆவணங்கள் தயாராக இருந்தால் முன்னால் உள்ள படிகளை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். தயாராக இல்லையென்றால், அதை டிக்கெட் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

1. முதல் அழைப்பிலேயே கேட்க வேண்டியவை

"எப்போது வந்து சேர வேண்டும்?" என்று கேளுங்கள். எப்போது புறப்படலாம் என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். இந்தப் பதில்தான் எவ்வளவு பணம் செலவழிப்பது, எந்த விசாவுக்கு விண்ணப்பிப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும்.

நோயாளியைப் பார்க்கப் போவதென்றால் வைத்தியர் என்ன சொல்லியிருக்கிறார், இன்னும் சில மணி நேரமா சில நாட்களா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். மரணச் செய்தியென்றால் தகனம் அல்லது அடக்கம் எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாளே எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரவேண்டும் என்றால் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருக்கச் சம்மதிப்பார்கள், ஆனால் அதை உடனே கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். லண்டன், ரொறன்ரோ போன்ற இடங்களில் இறுதிக்கிரியை நடக்கச் சில நாட்களோ ஒரு வாரத்துக்கும் மேலோ ஆகலாம். இது தெரியாமல் அன்றிரவே கிடைத்த விலைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, அங்கே போய் நாட்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அந்த நாட்களில் இங்கே விசாவையும் ஒழுங்காக முடித்து, குறைந்த விலை டிக்கெட்டும் எடுத்திருக்கலாம்.

எப்படியும் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால், எட்டுச்செலவுக்கோ 31ஆம் நாள் அந்தியேட்டிக்கோ போவதென்று குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். வீட்டுக்காரருக்கும் அந்த நேரத்தில் கைகொடுக்க ஆள் தேவைப்படும்.

அதே அழைப்பில் இரண்டு காகிதங்களைக் கேளுங்கள். ஒன்று வைத்தியசாலைக் கடிதம். நோயாளியின் முழுப்பெயர், நிலை, திகதி, வைத்தியரின் கையொப்பம், முத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். மற்றது, நோயாளி அல்லது அழைப்பவரின் கடவுச்சீட்டுப் பக்கம், அங்கே வசிப்பதற்கான அட்டை ஆகியவற்றின் படங்கள். நள்ளிரவில் விசா விண்ணப்பம் நிரப்பும்போது இவை கையில் இருந்தால், வைத்தியசாலையில் நிற்பவரைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

டிக்கெட் வேலையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். மாமா ஒரு ஏஜென்சியிலும் தம்பி இணையத்திலும் ஒரே பெயருக்கு ஒரே விமானத்தில் இடம் பிடித்தால், விமான நிறுவனத்தின் கணினி இரட்டைப் பதிவு என்று இரண்டில் ஒன்றை, சில வேளை இரண்டையுமே, நீக்கிவிடக்கூடும்.

2. கடவுச்சீட்டை மேசையில் வையுங்கள்

கடவுச்சீட்டு எங்கே என்று கேட்டால் எல்லாரும் அலுமாரியில் என்றுதான் சொல்வார்கள். எடுத்துத் திறந்து பாருங்கள். காலாவதித் திகதி, வெற்றுப் பக்கங்கள், கிழிசல் அல்லது நனைந்த தடம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவின் ஈ-விசாவுக்கு ஆறு மாதச் செல்லுபடி தேவை. ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில், அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். நாட்டுக்கு நாடு விதி வேறுபட்டாலும் ஆறு மாதம் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. பழைய கடவுச்சீட்டில் இன்னும் செல்லுபடியாகும் விசா ஒட்டப்பட்டிருந்தால் பழையதையும் புதியதையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். பழையதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து கவுண்டரில் தவிப்பது அடிக்கடி நடக்கிறது.

செல்லுபடி போதாவிட்டால் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் ஒருநாள் சேவைதான் வழி. பழைய கடவுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்பிரதிகளைக் கொண்டு போங்கள். படத்தை அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ அதை நேரடியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களிடம் ஒரு பற்றுச்சீட்டுத் தரும். அதில்லாமல் வரிசையில் நிற்பது வீண். முன்பதிவு முறையும் நேரங்களும் மாறுவதுண்டு. ஆகவே அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வைத்தியசாலைக் கடிதத்தின் அச்சுப் பிரதியும் கையில் இருக்கட்டும்.

யார் போவது என்பதை இந்த இடத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். ஆவணம் தயாராக உள்ளவர் முதலில் போகட்டும், மற்றவர்கள் அடுத்த விமானத்தில் வரலாம். மூத்த மகன்தான் முதலில் போக வேண்டும் என்று அவரது கடவுச்சீட்டுக்காக எல்லாரும் காத்திருந்தால், நோயாளியின் பக்கத்தில் யாருமே இல்லாமல் போகும்.

3. விசா: நாட்டுக்கு நாடு என்ன செய்வது

இந்தியா. கொழும்புத் தமிழருக்கு அதிகம் வரும் தேவை இதுதான். இலங்கையர் ஈ-விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் விமான நிலையங்களில் அதைக் கொண்டு இறங்கலாம். போய்ச் சேரும் நாளுக்குக் குறைந்தது நான்கு நாட்கள் முன்பே விண்ணப்பிக்கும்படி அதிகாரபூர்வ விதி சொல்கிறது. சிலருக்கு முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது, ஆனால் அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். நான்கு நாள் அவகாசம் இல்லையென்றால் காலி வீதியில், கொழும்பு 3இல் உள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் விசாப் பிரிவை வைத்தியசாலைக் கடிதத்துடன் அணுகுங்கள். யாழ்ப்பாணத்தில் துணைத்தூதரகம் இருக்கிறது, கண்டியிலும் அலுவலகம் உண்டு.

ஈ-விசாவில் எந்த வகையைத் தெரிவு செய்வது என்பதில் பலரும் இடறுகிறார்கள். நோயாளி மருத்துவ ஈ-விசாவில் போயிருந்தால் அவருக்கு உதவியாளராக இரண்டு பேர் மட்டுமே மருத்துவ உதவியாளர் விசா பெறலாம். ஏற்கெனவே அம்மாவும் அண்ணனும் அப்படிப் போயிருந்தால் நீங்கள் சுற்றுலா வகையில்தான் விண்ணப்பிக்க வேண்டும். உறவினரைப் பார்ப்பதும் அந்த வகைக்குள் அடங்கும். 30 நாள் சுற்றுலா விசாவின் நாட்கள் முதல் தடவை இறங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். நோயாளியோடு இரண்டு வாரம் நின்று, அதன்பின் மரணம் நேர்ந்து, 31ஆம் நாள் கிரியை வரை நிற்க நினைத்தால் இந்த விசா போதாது.

விண்ணப்பத்தில் கடவுச்சீட்டுப் பக்கத்தைப் பிடிஎஃப் கோப்பாக 300 கிலோபைட்டுக்குள் ஏற்ற வேண்டும். கைபேசியில் எடுத்த படம் இதைவிடப் பெரிதாக இருப்பதால் அந்த இடத்தில் நின்றுபோகிறவர்கள் அதிகம். தளத்தின் முகவரி ஜிஓவி.இன் (gov.in) என்று முடிகிறதா என்றும் பாருங்கள். அதே தோற்றத்தில் தனியார் தளங்கள் பல மடங்கு கட்டணம் வாங்குகின்றன. தேடலில் முதலில் வருவதும் பெரும்பாலும் அவைதான்.

பிரித்தானியா. வழமையான பார்வையாளர் விசாவுக்கு மூன்று வாரம் என்பதே கணக்கு. முன்னுரிமைச் சேவையில் ஐந்து வேலை நாட்களில் முடிவு வரும். அதிமுன்னுரிமைச் சேவையில் அடுத்த வேலை நாளுக்குள் வரும். இவற்றுக்கு விசாக் கட்டணத்துக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு. விண்ணப்பத்தைத் தொடங்கும்போதே கொழும்பு விண்ணப்ப நிலையத்தில் எந்தச் சேவைக்கு அன்று இடம் இருக்கிறது என்று பாருங்கள். சாதாரணச் சேவையில் பணம் கட்டி முடித்துவிட்டுப் பிறகு மாற்ற நினைப்பது பெரும் தலையிடி.

கனடா. விரல்ரேகையும் படமும் ஒருமுறை கொடுத்திருந்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். முன்பு விண்ணப்பித்தவர் முதலில் அதைச் சரிபார்த்தால் சில நாட்கள் மிச்சமாகும். அவசரக் காரணத்தை விளக்கக் கடிதத்தின் முதல் இரண்டு வரிகளிலேயே எழுதுங்கள். மூன்றாம் பக்கத்தில் வரும் அவசரம் யார் கண்ணிலும் படாது.

ஷெங்கன் நாடுகள். வழமையாக 15 நாட்கள். ஆனால் உண்மையான அவசரத்தில் முன்பதிவில்லாமல் விண்ணப்பத்தை ஏற்கவோ உடனடியாக நேரம் ஒதுக்கவோ தூதரகங்களுக்கு அவர்களது விசாச் சட்டமே இடம் தருகிறது. இணையத்தில் நேரம் இல்லை என்று காட்டினாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், கடிதத்தையும் இணையுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்புறுதி கட்டாயம்.

சிங்கப்பூருக்கு இலங்கையருக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. அங்கே போய்ச் சேருவதற்கு முன்னைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பினால் போதும்.

உறவை நிரூபிக்கும் சான்றிதழ்கள் எந்த நாட்டுக்கும் வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி ஸ்கேன் செய்து வைத்திருங்கள். வெளிநாட்டில் நெருங்கிய உறவினர் உள்ள வீடுகளில் அவசரம் ஏதும் இல்லாத காலத்திலேயே இதைச் செய்து வைப்பதுதான் என் முதல் ஆலோசனை. சகோதரனைப் பார்க்கப் போகிறவருக்கு இருவரது பிறப்புச் சான்றிதழும் தேவை. பெற்றோர் ஒன்றே என்பதை அவை இரண்டும் சேர்ந்துதான் காட்டும்.

விசா வரும்வரை திருப்பிப் பெற முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள். பயணத் திட்டம் கேட்டால் பணம் கட்டாத முன்பதிவுத் தாள் பெரும்பாலும் போதுமானது. அதை எப்படிப் பெறுவது என்பது ஆறாவது படியில் வருகிறது.

4. இடையில் மாறும் விமான நிலையத்தைச் சரிபாருங்கள்

விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். போகும் நாட்டுக்கு விசா இருக்கிறது, போதும்தானே என்று நினைக்கிறார்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அது போதாது.

ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் பொதுவான விமான நிலைய ட்ரான்சிட் விசாப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. பிராங்க்பர்ட்டிலோ பாரிஸிலோ விமானம் மாறுவதற்கு மட்டுமே, வெளியில் காலடி வைக்காவிட்டாலும், விசா வேண்டும். செல்லுபடியாகும் கனடா அல்லது அமெரிக்க விசா வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. பிரித்தானிய விசா வைத்திருப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே லண்டன் போகிறவர் ஐரோப்பிய நகரம் வழியாக மலிவான டிக்கெட் கண்டால் ஒதுக்கிவிடுங்கள். லண்டன் ஹீத்ரோவில் மாறுவதற்கும் இலங்கையருக்கு ட்ரான்சிட் விசா தேவை. கனடா, அமெரிக்கா போன்ற சில நாடுகளின் விசா உள்ளவருக்கு மட்டும் விலக்கு.

அமெரிக்காவில் குடிவரவைக் கடக்காமல் விமானம் மாற வழியே இல்லை. கனடா விசாவை வைத்துக்கொண்டு நியூயோர்க் வழியாக ரொறன்ரோ போக முடியாது. அமெரிக்க விசாவும் வேண்டும்.

இந்தியா வழிப் பயணத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கொழும்பிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து டில்லி, டில்லியிலிருந்து லண்டன் என்று டிக்கெட் வந்தால் நடுவில் உள்ளது உள்நாட்டுப் பயணம். அதற்கு இந்திய விசா வேண்டும். நேராக டில்லியோ மும்பையோ போய், ஒரே டிக்கெட்டில், 24 மணி நேரத்துக்குள் சர்வதேசப் பகுதிக்குள்ளேயே மாறுவதென்றால் வேண்டியதில்லை.

டோஹா, துபாய், அபுதாபி, சிங்கப்பூர் வழிகளில் ஒரே டிக்கெட்டில் உள்ளேயே மாறும் இலங்கையருக்கு இந்தத் தொல்லை இல்லை. விலை கொஞ்சம் கூடினாலும் அவசரத்துக்கு நான் இவற்றையே எடுப்பேன். விமான நிறுவனங்கள் பயணியின் ஆவணங்களை டிமாட்டிக் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பார்க்கின்றன. அது மறுத்தால் கவுண்டரில் இருப்பவர் எவ்வளவு இரக்கப்பட்டாலும் ஏற்ற முடியாது. ஏற்றினால் நிறுவனத்துக்கு அபராதம் விழும்.

5. இடம் தேடுவது

முதலில் ஒருவருக்கு மட்டும் தேடுங்கள். விமான நிறுவனங்கள் ஒரே வகுப்பிலேயே பல விலைப்படிகளை வைத்திருக்கும். நால்வருக்குத் தேடும்போது மலிவான படியில் மூன்று இடங்கள்தான் மிச்சம் என்றால், நால்வருக்கும் அடுத்த படியின் கூடிய விலையையே கணினி காட்டும். மூவருக்கு ஒன்றாகவும் ஒருவருக்குத் தனியாகவும் எடுத்தால் மொத்தம் குறையும்.

சென்னைக்கு இடமில்லையென்றால் திருச்சி, மதுரை, பெங்களூர், கொச்சி, திருவனந்தபுரம் என்று பாருங்கள். நோயாளி வேலூரில் இருந்தால் பெங்களூரில் இறங்கிக் காரில் போவதும் சரிதான். யாழ்ப்பாணத்தில் இருக்கும் உறவினரும் கொழும்புக்கு வந்துதான் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது தொடங்கியது சென்னைச் சேவைதான். சிறிய விமானம், இடங்கள் குறைவு, பொதி எடையும் குறைவு. ஆனாலும் கட்டுநாயக்கவுக்கு வரும் இரவுப் பயணம் மிச்சம்.

மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை இணைத்து எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பொதியையும் நடுவில் எடுத்து மீண்டும் கொடுக்க வேண்டியிருப்பதால் அந்த நாட்டுக்குள் நுழைய விசா தேவைப்படும். ஒரே டிக்கெட்டென்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் கடமை.

திகதியைக் கவனியுங்கள். கொழும்பிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின் புறப்படுகின்றன. 15ஆம் திகதி 00.40 என்று இருந்தால் நீங்கள் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது 14ஆம் திகதி இரவு. ஒரு நாள் பிந்திப் போய் நிற்பவர்களைக் கட்டுநாயக்கவில் இன்றும் காணலாம்.

6. இடத்தைப் பிடித்து வைப்பது

விசாவுக்கோ பணத்துக்கோ சில மணி நேரம் தேவைப்பட்டால் ஏஜென்சிதான் உதவும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் உள்ள ஏஜென்சிகள் தங்கள் கணினி அமைப்பில் உங்கள் பெயருக்கு இடத்தைப் பதிந்து, பணம் கட்டாமலே ஆறு எழுத்து பி.என்.ஆர். எனப்படும் முன்பதிவு இலக்கம் தருவார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, டைம் லிமிட் எத்தனை மணி வரைக்கும்?" அந்த நேரத்துக்குள் டிக்கெட் வழங்கப்படாவிட்டால் இடம் தானாகவே போய்விடும். பயணம் நெருங்க நெருங்க இந்த அவகாசம் சுருங்கும். நாளைய விமானத்துக்கு ஓரிரு மணி நேரம்தான் கிடைக்கலாம், சில வேளை கிடைக்காமலும் போகலாம். மலிவு விலை நிறுவனங்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை. உடனே பணம் கட்ட வேண்டும்.

24 மணி நேரத்துக்குள் புறப்படுவதென்றால் விமான நிறுவனத்திடமே நேராக வாங்குங்கள். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் 1979 இலக்கத்துக்கு இங்கிருந்து அழைக்கலாம். நடுவில் முகம் தெரியாத வெளிநாட்டு இணைய ஏஜென்சி இருந்தால், திகதி மாற்றத்துக்கு நிறுவனம் "வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்று சொல்லிவிடும். அந்த இணைய ஏஜென்சியின் தொலைபேசியில் இசைதான் கேட்கும். நோயாளி வீட்டில் திகதி மாறுவது நிச்சயம் என்பதால் சில ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக இந்த வழியில் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஞாயிறும் போயாவும் ஏஜென்சிகள் பூட்டியிருக்கும். நம்பிக்கையான ஒருவரின் வாட்ஸ்அப் இலக்கத்தை இப்போதே சேமித்து வையுங்கள்.

7. எந்த வகை டிக்கெட்

திரும்பும் நாள் தெரியாத பயணம் இது. அதனால் விலையைப் பார்ப்பதற்கு முன் திகதி மாற்றக் கட்டணத்தைப் பாருங்கள். முழுச்சேவை நிறுவனங்களில் இருவழி டிக்கெட் சில வேளை ஒருவழியைவிட மலிவாக இருக்கும். மலிவு விலை நிறுவனங்களில் ஒவ்வொரு வழிக்கும் தனி விலை, ஆகவே ஒருவழி எடுப்பதில் நட்டமில்லை. ஆனால் பார்வையாளராகப் போகும் நாட்டில் திரும்பும் டிக்கெட்டைக் கேட்கக்கூடும் என்பதால், இருவழி எடுத்துத் திரும்பும் நாளைத் தள்ளி வைப்பதையே நான் சொல்வேன். அந்தியேட்டி வரை நிற்பதாக இருந்தால் அந்த நாளைக் கணக்கிட்டுப் போடுங்கள்.

போகும் விமானத்தில் ஏறாவிட்டால் திரும்பும் பகுதியும் சேர்ந்தே ரத்தாகும். முந்தைய விமானத்தில் வேறு டிக்கெட்டில் போய்விட்டு, திரும்ப மட்டும் பழையதைப் பாவிக்கலாம் என்று எண்ணாதீர்கள்.

துக்கக் கட்டணம் என்றொரு சலுகையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வட அமெரிக்க நிறுவனங்கள் சிலவற்றில் அது உண்டு. பயணத்துக்கு முன்பே தொலைபேசியில் கேட்டுப் பெற வேண்டும். எயார் கனடாவின் இணைய உரையாடல் கருவி, பயணம் முடிந்த பின்னும் இச்சலுகையைக் கோரலாம் என்று ஒருவருக்குத் தவறாகச் சொல்லியிருந்தது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயம் அவருக்கு நட்டஈடு வழங்கச் சொன்னது. எல்லாராலும் தீர்ப்பாயம் வரை போக முடியாது, ஆகவே முன்பே கேளுங்கள். அச்சலுகை விலை, சந்தையில் கிடைக்கும் மலிவு விலையைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். ஒப்பிட்டுப் பாருங்கள். சலுகை விலை இல்லாத நிறுவனத்திலும் மரணச் சான்றிதழைக் காட்டித் திகதி மாற்றக் கட்டணத்தை நீக்கும்படி கேட்கலாம்.

குடும்பத்தில் யாரிடமாவது மைல்கள், அதாவது அடிக்கடி பறப்பவருக்கு விமான நிறுவனம் தரும் புள்ளிகள், சேர்ந்திருந்தால் அதையும் கேளுங்கள். பணத்துக்கு விலை ஏறிய நாளிலும் மைல்களுக்கு ஓரிரு இடம் திறந்திருப்பதுண்டு.

8. பெயரும் பணமும்

பெயரைக் கடவுச்சீட்டின் அடியில் உள்ள இரண்டு வரிக் குறியீட்டைப் பார்த்து எழுதுங்கள். அதில் இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் வருபவை மற்றப் பெயர்கள். நம்மவர் தகப்பன் பெயரை முன்னாலும் பின்னாலும் மாற்றி மாற்றி எழுதிப் பழகியவர்கள், வீட்டில் அழைக்கும் பெயரையும் போட்டுவிடுவார்கள். ஓரெழுத்துப் பிழையைச் சில நிறுவனங்கள் திருத்தித் தரும். முழுப் பெயர் மாறினால் புதிய டிக்கெட்தான். பெயர் நீளமாக இருந்து கணினி கடைசி எழுத்துகளை வெட்டினால் பயப்பட வேண்டாம், அது வழமை.

வங்கி அட்டை (காட்) மூலம் கட்டுவதென்றால் மூன்றைப் பாருங்கள்: இணையப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா, நாளாந்த வரம்பு போதுமா, ஓ.டி.பி. வரும் கைபேசி பக்கத்தில் இருக்கிறதா. வரம்பை உயர்த்த வங்கியின் 24 மணி நேர இலக்கத்துக்கு முதலில் அழைத்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டு தடவை தோல்வியடைந்தால் மூன்றாவது தடவை அழுத்தாதீர்கள். வங்கி காட்டையே முடக்கிவிடக்கூடும்.

ஏஜென்சிக்கு வங்கி மூலம் அனுப்பும்போது உடனடிப் பரிமாற்றமான செப்ட்ஸ் முறையைத் தெரிவு செய்யுங்கள். ஸ்லிப்ஸ் முறையில் அனுப்பினால் பணம் பிந்திச் சேரும், அதற்குள் டைம் லிமிட் முடிந்துவிடும். வெளிநாட்டு உறவினர் தமது காட்டில் கட்டினால், அந்தக் காட்டைச் செக்-இன்னில் காட்டும்படி சில நிறுவனங்கள் கேட்கும். அவர்கள் நிறுவனத்தை அழைத்து முன்பே உறுதிப்படுத்தட்டும், அல்லது இங்கே ஏஜென்சிக்குப் பணமாக அனுப்பட்டும்.

9. டிக்கெட் உண்மையிலேயே வந்துவிட்டதா

பி.என்.ஆர். இருப்பது மட்டும் டிக்கெட் ஆகாது. பணம் கட்டி முடிந்த பிறகு 13 இலக்க ஈ-டிக்கெட் எண் வர வேண்டும். ஸ்ரீலங்கனுடையது 603 என்று தொடங்கும். மலிவு விலை நிறுவனங்களில் பி.என்.ஆருக்குப் பக்கத்தில் உறுதி என்று காட்டினால் சரி. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பி.என்.ஆரைப் போட்டுப் பெயர், திகதி, பொதி எடை ஆகியவற்றைப் பாருங்கள். உங்கள் இலக்கமும் மின்னஞ்சலும் அதில் பதிவாகியிருக்க வேண்டும். ஏஜென்சியின் இலக்கம் மட்டும் இருந்தால் விமானம் தாமதிக்கும் செய்தி அவர்களுக்குத்தான் போகும்.

வயதான அம்மா தனியே போகிறார் என்றால் சக்கர நாற்காலி உதவியை இப்போதே பதியுங்கள். நடக்க முடிந்தவர்களுக்கும் இது நல்லது. பெரிய விமான நிலையத்தில் இடைமாறும்போது ஒருவர் கூடவே வந்து அடுத்த வாசலில் விடுவார். போய்ச் சேரும் முகவரியும் அழைத்துச் செல்ல வருபவரின் இலக்கமும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் அவர் கைப்பையில் இருக்கட்டும்.

10. கட்டுநாயக்கவுக்குப் புறப்படுவது

அதிவேகப் பாதை 25.8 கிலோமீட்டர்தான், அதில் நேரம் போகாது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியாகக் கோட்டையைக் கடந்து பேலியகொடைக்குப் போய்ச் சேர்வதில்தான் போகிறது. மாலை அலுவலக நேரமென்றால் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். செக்-இன் கவுண்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் பூட்டப்படும். மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருந்தால் ஆவணத்தில் ஏதும் கேட்டாலும் அவகாசம் இருக்கும்.

முடிந்தால் கைப்பை மட்டும் கொண்டு போங்கள். இறங்கியதும் நேராக வைத்தியசாலைக்குப் போகலாம், விமானம் மாற்ற நேர்ந்தாலும் பொதி பின்னால் தங்காது. விசா, வைத்தியசாலைக் கடிதம், திரும்பும் டிக்கெட் எல்லாம் காகிதமாகக் கையில் இருக்கட்டும். கைபேசியின் மின்னை நம்பாதீர்கள். அரச உத்தியோகத்தர் வெளிநாட்டு விடுமுறை அனுமதியையும் எடுக்க வேண்டும். இலங்கை சிம்மில் ரோமிங்கைத் திறந்து வையுங்கள். அங்கிருந்து வைத்தியசாலைக் கட்டணம் கட்டும்போது ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

11. வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு வருபவருக்கு

கனடா, பிரித்தானியா, சுவிஸ் கடவுச்சீட்டு உள்ள உறவினர் இங்கே வருவதற்கு ஈ.டி.ஏ. எனப்படும் பயண அனுமதி வேண்டும். விமானம் ஏறும் முன்பே அரசின் தளத்தில் எடுக்கச் சொல்லுங்கள். முகவரி ஜிஓவி.எல்கே (gov.lk) என்று முடிய வேண்டும், போலித் தளங்கள் இதற்கும் உண்டு. கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

பிள்ளைகள் வரும்வரை பூதவுடலை மலர்ச்சாலையில் பதப்படுத்தி வைத்திருக்க முடியும். பொரளை கனத்தை மயானத்தில் நேரம் குறிப்பதற்கு முன் வருபவரின் விமான இலக்கத்தையும் இறங்கும் நேரத்தையும் வாங்குங்கள். இறங்கும் நேரத்திலிருந்து குறைந்தது ஆறு மணி நேரம் கழித்தே கிரியையைத் தொடங்க வையுங்கள். குடிவரவு வரிசைக்கும் பாதைக்கும் விமானத் தாமதத்துக்கும் அவ்வளவு தேவை.

அனுமதி பொதுவாக 30 நாட்களுக்கு. மரணத்துக்கு முன்பே வந்து பக்கத்தில் இருந்தவர் அந்தியேட்டி வரை நின்றால் நாட்கள் தாண்டிவிடும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தில் நீடிப்புக்கு விண்ணப்பிக்கலாம். எட்டுச்செலவு முடிந்த கையோடு அதைச் செய்துவிடச் சொல்லுங்கள்; 30ஆம் நாள் நெருங்கும்போது வீட்டில் அந்தியேட்டி ஆயத்தம் நடந்துகொண்டிருக்கும், யாருக்கும் நினைவு வராது.